புடவைக் கடல்

எதிர்மாடியில் இரண்டு பெண்கள் ஈரமான நீலப் புடவையை ஆளுக்கொரு முனை பிடித்து உதறினார்கள். அந்தப் படபடப்பில் எனக்கு நெஞ்சை அடைத்தது.

சுதந்திரம் வந்த புதிது, நான் சின்னப் பிள்ளை. கடலோரக் கல்மண்டபம் பேட்டையில், எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி ஒரு மாயாஜால நாவலைப் பாட்டு நாடகமாக்கினார். பெட்டிப் பலகை மேடையில் ஏழு கடலுக்கு இடமேது? அம்மாவின் நீலப் புடவையை இரவல் வாங்கி இரண்டு பேர் ஆட்டினார்கள், அதுதான் கடல்.

அன்று மாலை காற்று சரியில்லை. மீன்பிடிக்கப் போன அப்பா, எங்கள் பேச்சில் நைனா, இன்னும் திரும்பவில்லை. மேடையில் கதையின் இளவரசன் கடலில் மூழ்க, புடவை அவனை மூடியது. ஆர்மோனியம் இழுக்க, அவன் தாயாக நடித்தவர் ஒப்பாரி தொடங்கினார். ஆள் கடலில் இருக்கும்போது எங்கள் தெருவில் யாரும் ஒப்பாரி பாடமாட்டார்கள். பாடினால் கடல் அதை நிஜமென்று எடுத்துக்கொள்ளும். என்னைப் பிடித்திருந்த கையை அம்மா விட்டாள்.

அவள் மேடையேறினாள். "நிறுத்துய்யா! எங்க ஆளுங்க கடல்ல கீறாங்க."

"கதையில அப்படித்தாம்மா இருக்கு" என்றார் அண்ணாச்சி.

"கதைய மாத்து!" புடவையைப் பிடுங்கி, அடியில் கிடந்த இளவரசனை இழுத்து நிறுத்தினாள். "எய்ந்திருடா. வூட்டுக்குப் போ."

இருட்டும் நேரத்தில் நைனா கரையேறினார். அம்மா அந்தப் புடவையை மறுபடி கட்டவேயில்லை.

எதிர்மாடியில் புடவை கொடிக்குப் போய்விட்டது. அடியில் யாரும் கிடக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.