போர் தண்ணீர் வானம்

கடலூர் முதுநகரில் ஜெயராணி வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். அந்த உப்புத் தண்ணீருக்கு வீட்டில் கிடைத்த ஒரே மரியாதை, ஜெயராணி அதில் படம் வரையும் பிரஷ்ஷை நனைத்ததுதான்.

அவள் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருஷமாக டெக்னீஷியன். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து, மேலே ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவுவது தினப்படி வேலை. ஒருநாள் தகட்டைச் சாய்த்துக் கழுவும்போது சாயம் தண்ணீரோடு இறங்கிய விதத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இவ்வளவு அழகையும் சிங்க்கில் கொட்டுகிறோமே என்றிருந்தது. அன்று மாலையே ஒரு கலர் பெட்டி வாங்கினாள்.

ஓவியப் பள்ளிக்கெல்லாம் போகவில்லை. போனில் வீடியோ பார்ப்பாள். அதை நம்பாமல் தானும் செய்து பார்ப்பாள். முதல் வருஷம் முழுக்க வெறும் நீலம். பலகையை எவ்வளவு சாய்த்தால் நிறம் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தாள். எப்போதுதான் படம் வரும் என்று கேட்டுக் கேட்டு அவள் கணவர் ஆரோக்கியராஜ் அலுத்துப்போனார்.

படமும் வந்தது. துறைமுகத்துப் படகுகள், வடலூர் சபை, சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலம். எல்லாம் வீட்டில் உட்கார்ந்து வரைந்ததுதான். எதை வரைந்தாலும் பார்ப்பவர்கள் வானத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நீலம் சீராகப் படியாமல், பொடிமணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக நிற்கும். எப்படி என்று கேட்டால், கை பழகிவிட்டது என்பாள். அப்படித்தான் நம்பவும் செய்தாள். கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லையென்று சொல்வானேன்.

அந்த வானத்தைப் பார்த்துத்தான் சிதம்பரத்தில் ஓவிய வகுப்பு நடத்தும் காயத்ரி அவளை அழைத்தாள். ஒரு ஞாயிறு வந்து வரைந்து காட்ட வேண்டும். எல்லோருக்கும் பிடித்துவிட்டால் வாராவாரம் அவளே வகுப்பெடுக்கலாம். ஜெயராணிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு ஆசை.

கீழவீதியில் ஒரு மொட்டை மாடி. எதிரே கோபுரம், சுற்றி இருபது பேர். காயத்ரி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். ஜெயராணி நீலத்தைக் குழைத்து வானத்தை இழுத்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர்போல் மொழுக்கென்று காய்ந்தது. இன்னொரு தாளிலும் அதேதான்.

"அந்தப் புள்ளியெல்லாம் எங்கக்கா?" என்றாள் முன்வரிசைப் பெண்.

காது சுட்டது. அதே பிரஷ், அதே நீலம், அதே தாள். கிண்ணத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கேன் தண்ணீர், இனித்தது. லேபில் தகட்டின் நிறம் மாறினால் அவள் கேட்கும் முதல் கேள்வியே, தண்ணீரை மாற்றியது யார் என்பதுதான். வீட்டில் மட்டும் அதைக் கேட்கவே தோன்றவில்லை. ஊரே மெச்சியது அவள் கையை அல்ல, போரில் வந்த உப்பை.

மறைக்காமல் அங்கேயே சொல்லிவிட்டாள். காயத்ரி பதறிப்போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். ஜெயராணி ஒரு சிட்டிகை எடுத்தாள். போடுமுன், எந்த வானத்துக்குப் போடுகிறோம் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

பங்குனி வெயிலில் கோபுரத்துக்குமேல் பொட்டு மேகமில்லை. தாளில் காய்ந்திருந்த அதே மொழுக்கு நீலம்.

"உப்பு வேணாம் காயத்ரி," என்றாள். "எந்த ஊர வரைஞ்சாலும் எங்க வூட்டு போர் தண்ணி வானத்தத்தான் போட்டிருக்கேன். மேல பாத்ததே இல்ல."

அந்த வானத்தின் கீழேயே கோபுரத்தை வரைந்து முடித்தாள். அடுத்த வாரமும் வருவீர்களா என்று காயத்ரி கேட்டாள். வருவதாகவும், ஆளுக்கொரு பாட்டிலில் அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும் என்றும் ஜெயராணி சொன்னாள். என்ன வருமென்று தனக்கே தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளும் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, லேபில் ஒட்டுவதுபோலப் பெயர், ஊர், தேதி எழுதி ஒட்டினாள். ஆரோக்கியராஜ் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப இத்தினி நாளா வரைஞ்சது நீயா, இந்தத் தண்ணியா?"

"அதத்தான் டெஸ்ட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்," என்றாள் ஜெயராணி.