இரண்டு ஸ்பாஞ்சுகள்

அத்தை எங்கள் நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டித் துணியும் ஒரு மீன்தொட்டியும் கொண்டுவந்தாள். துணிப்பெட்டியை யாரும் கவனிக்கவில்லை. தொட்டியைப் பார்க்கத் தெருவே வந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

மாமாவின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வகையில் மாமாவுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. கல்யாணமான எட்டாம் மாதம் அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். காகிதங்கள் தயாரானதும் அத்தையும் போவதாக ஏற்பாடு. அதுவரை அவளும், மாமா ஆசையாக வளர்த்த ஐந்து தங்கமீன்களும் எங்கள் பொறுப்பு.

தொட்டிக்குள் இரண்டு ஸ்பாஞ்சுகள் இருந்தன. தொட்டிக்கு மேலே பலகையில் இருந்த சின்ன மோட்டார் குழாய் வழியாக அவற்றுக்குக் காற்றை அனுப்பும். குமிழிகள் மேலே போகப் போக அழுக்கெல்லாம் ஸ்பாஞ்சில் வந்து ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று என்பது மாமா வைத்துவிட்டுப் போன கணக்கு. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அவர் முதலில் மீன்களைத்தான் விசாரிப்பார். பிறகு ஸ்பாஞ்சை.

"நீங்க வச்ச எடத்துலதாங்க இருக்கு" என்பாள் அத்தை.

இருக்காது. அவள் தினமும் அவற்றில் ஒன்றை இடம் மாற்றுவாள். காலையில் மூலையில் இருப்பது மதியம் நடுவில் இருக்கும். சாயங்காலம் கண்ணாடியில் பாதி உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சிட்டிகைத் தீனியைப் பொடித்துப் போட்டு, அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று என்னைப் பார்க்கச் சொல்வாள்.

"அந்த மூலையில தேங்குது பாரு. இங்க வச்சா சரியா வரல."

எங்கே வைத்தாலும் அவளுக்குச் சரியாக வரவில்லை. முழங்கை வரை ஈரத்தோடு நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழும்.

எனக்கோ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பலகையில் அதிர்ந்துகொண்டே இருக்கும் மோட்டாரின் சத்தம் தலைக்குள் குடைந்தது. மாசி மகத்தன்று எல்லோரும் தீர்த்தவாரி பார்க்கக் கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் கேட்காமல் மோட்டாரை இறக்கி, தொட்டிக்குக் கீழே இருந்த தட்டில் துண்டை மடித்துப்போட்டு அதன்மேல் வைத்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. அத்தையின் விசா காகிதங்கள் இருந்த கோப்பும் அதே தட்டில்தான் இருந்தது. மறுநாள் காலை அவள் அவற்றை எடுத்துக்கொண்டு தூதரகத்துக்குப் போகவேண்டும்.

மோட்டார் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கூட்டத்தில் நசுங்கிச் சாமி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டில் கரண்டு போயிருக்கிறது. மோட்டார் நின்றதும் தண்ணீர் குழாய்க்குள் ஏறி, கீழ்நோக்கி இறங்கத் தொடங்கிவிட்டது.

திரும்பிவந்து கதவைத் திறந்தால் வாசல்வரை ஈரம். உயரத்தில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு காய்ந்துபோய்த் தொங்கியது. அடியில் இருந்த இன்னொன்றின் வழியாகத்தான் தொட்டி வடிந்திருந்தது. நான்கு விரல் தண்ணீரில் ஐந்து மீன்களும் சாய்ந்து படுத்து வாயைத் திறந்து திறந்து மூடின. அத்தை ஓடிப்போய்க் குண்டானில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டாள். எல்லாம் பிழைத்தன.

அதற்குப் பிறகுதான் அம்மா கோப்பைப் பார்த்தாள். தூக்கியதும் தண்ணீர் கொட்டியது.

"யாருடி மோட்டார கீழ வச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னாள்: "நான்தாண்ணி. சத்தமா இருந்துச்சி."

காகிதங்களைத் தரையில் பரப்பி, ஓரங்களில் டம்ளர்களை வைத்து, கரண்டு வந்ததும் ஃபேனைப் போட்டோம். அம்மா சிலவற்றை இஸ்திரி போட்டாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் காய்ந்துவிட்டன. ஒரு முத்திரை மட்டும் லேசாக ஊதாவாகக் கசிந்திருந்தது. பெயரெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"ஒண்ணும் ஆவல. காலைல போய்ட்டு வந்துடு" என்றாள் அம்மா.

அத்தை போகவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாமாவின் போன் வந்தபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"எல்லாம் நனைஞ்சி வீணாப் போச்சிங்க. ஒரு எழுத்துகூடத் தெரியல. இனிமே எல்லாம் புதுசா எடுக்கணும். எவ்ளோ நாள் ஆவும்னு சொல்ல முடியாது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் செய்த தப்பு அவ்வளவு பெரியதா? எழுத்து தெரிகிறதே, அத்தை சரியாகப் பார்க்கவில்லையோ? உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோப்பிலிருந்து அத்தையின் கல்யாணப் பதிவுக் காகிதத்தை எடுத்தேன். கட்டுரை நோட்டின் நடுத்தாளைக் கிழித்து, மைப் பேனாவால் வரிக்கு வரி பார்த்து எழுதினேன். பிரெஞ்சு எனக்குத் தெரியாது. எழுத்துகளுக்கு மேல் சாய்ந்திருந்த கோடுகளைக்கூட விடாமல் போட்டேன். முத்திரையை வட்டமாக வரைந்து ஊதா பென்சிலால் நிரப்பினேன்.

அத்தை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். தாளை நீட்டி, "இதை எடுத்துக்கினு போ அத்தை. எல்லாம் தெளிவாத் தெரியுது. மாமாகிட்ட சொல்லிடு" என்றேன்.

அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடியும் படித்தாள். என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். முகமெல்லாம் ஈரமாக இருந்தது.

"நீயும் என்னை அனுப்பிடணும்னுதான் பாக்கறியா?" என்றாள்.

நான் தாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். எந்த எழுத்தைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.