ஏரிக்கரைக் கீரை

தெலுங்கு பேசும் பெருநகரின் ஒரு கோடியில், உப்பலைத் தாண்டி இருக்கும் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் விடுதிக்குக் காய்கறி எங்கிருந்தோ லாரியில் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் விளைவதையே வாங்கலாம் என்று முதல்வரிடம் நடையாய் நடந்து சம்மதிக்க வைத்தேன். கல்லூரி மதிலை ஒட்டிய ஏரிக்கரையில் ஒரு கணவனும் மனைவியும் குத்தகை நிலத்தில் பாலக்கீரையும் கோங்கூரா என்கிற புளிச்சைக்கீரையும் போட்டிருந்தார்கள். காலையில் அவர்கள் பறித்த கீரை மதியம் பப்பு என்கிற பருப்புக் கூட்டாக மாணவர்களின் தட்டில் இருந்தது. எனக்கு அதில் அத்தனை பெருமை.

வேதியியல் மாணவர்கள் ஆய்வுக்காக ஏரித் தண்ணீரையும் அந்தக் கீரையையும் சோதித்தபோது எல்லாம் மாறியது. அவர்களுடைய ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஈயம் இருக்கிறது மேடம். கீரையிலும்."

நான் நம்பவில்லை. வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அங்கும் அதையேதான் சொன்னார்கள். எந்தக் கழிவு, எந்தக் கால்வாய் வழியாக ஏரிக்கு வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

விடுதியில் கீரையை நிறுத்தச் சொல்லிவிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். வரப்பில் உட்கார வைத்து எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்.

"நன்றாகக் கழுவினால் போகாதா மேடம்?"

"போகாதும்மா. இலைக்குள்ளேயே ஏறிவிட்டது."

"நாங்களும் தினமும் இதைத்தானே சாப்பிடுகிறோம்" என்றாள். மண் ஒட்டியிருந்த கை வயிற்றுக்குப் போனது.

மறுநாள் அவளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். அவள் ரத்தத்திலும் இருந்தது. இனி அந்தக் கீரையைத் தொடக்கூடாது, பிரசவம் ஆகட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டர்.

வீட்டில் என் கணவர் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார். "எதுக்கு இப்படி உடம்பைக் கெடுத்துக்கறே? நீயா ஏரியில கலந்தே? சாப்பிடு." பிசைந்த சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

விடுதிக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த இடத்தை அவர்களுக்குக் கொடுங்கள், போர்வெல் தண்ணீரில் பயிரிடட்டும் என்று முதல்வரிடம் கேட்டேன். "கோடையில் நமக்கே டேங்கர் தண்ணீர்தானே மேடம்" என்றார். அதுவும் உண்மைதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஒருநாள் காலையில் உப்பல் பஸ் ஸ்டாப் அருகே அவளுடைய கணவனைப் பார்த்தேன். கூடை நிறையக் கீரை. சுற்றிலும் வாங்க ஆட்கள். அவனை ஓரமாகக் கூப்பிட்டு, "தெரிந்தே விற்கலாமா?" என்றேன்.

"வேறென்ன செய்யட்டும்? பிரசவம் வருகிறது. நிலத்தை விட்டால் எங்கே போவோம்?"

கூடையோடு எல்லாவற்றையும் நானே வாங்கிக்கொண்டேன். ஆட்டோவில் ஏறும்போது கேட்டான்: "நாளைக்கும் வாங்குவீர்களா மேடம்?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். வழி முழுக்க அந்தக் கீரையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பிரசவத்துக்குப் பிறகு அவர்கள் நிலத்தை விட்டுவிட்டு நகரின் மறுகோடியில் இருக்கும் கச்சிபௌலிப் பக்கம் போனார்கள். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருவருக்கும் தோட்ட வேலை. ஏரிக்கரை நிலத்தை வேறொருவர் குத்தகைக்கு எடுத்தார். அவரிடமும் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பாலக் போட்டிருக்கிறார்.

அவள் அவ்வப்போது போன் செய்வாள். குழந்தை நடக்கிறான், ஓடுகிறான், பேச்சுதான் இன்னும் வரவில்லையாம். "அதனாலேதானா மேடம்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. "சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும்" என்று சொல்கிறேன். அவள் போனைக் குழந்தையின் வாயருகே வைக்கிறாள். மூச்சு கேட்கிறது.