விட்டுக்கொடுத்து ஆடிய சடுகுடு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்காலில் கல்லூரி மாணவி. என் அண்ணனுக்கு மூளை வளர்ச்சி போதாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரான வரிச்சிக்குடியில் அதற்கு இன்னும் சுருக்கமான பட்டப்பெயர்கள் இருந்தன. அவனுக்குச் சடுகுடு என்றால் உயிர். ஊர்ப் பையன்கள் அவனைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்து, கழற்றிப் போட்ட சட்டைகளைக் காவல் காக்கச் சொல்வார்கள். அவ்வளவு பெரிய மனது அவர்களுக்கு.

அவனைக் களத்தில் இறக்கியே தீருவது என்றுதான் கல்லூரியில் ஒரு கிளப் கேட்டேன். மாணவர்களும் அண்ணனைப் போன்றவர்களும் ஒரே அணியில் கலந்து ஆட வேண்டும். முதல்வர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கேரம் போர்டு வாங்கித் தரட்டுமாம்மா? யாருக்கும் அடிபடாது.”

“அண்ணனுக்குச் சடுகுடுதான் சார் ஆடணுமாம்.”

“சரி. ஆனா ஒரு கீறல் விழுந்தாலும் கிளப்பை அன்னைக்கே மூடிடுவேன்.”

அடிபட்டால் ஆட்டமே கிடையாது என்று அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லிவைத்தேன்.

தொடக்க விழாவுக்குப் பந்தல், மைக், பொன்னாடை எல்லாம் வந்தன. ஆடுகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. சிறப்பு விருந்தினர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற பெரியவர். கருணையைப் பற்றி வெயில் சாயும்வரை பேசினார். பிறகு எங்கள் பக்கத்து வழக்கப்படி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் சடுகுடுப் பாட்டை அவரே பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் போனார். விருந்தினர் தொட்டவர்கள் சிரித்த முகத்தோடு வெளியேற வேண்டும். அவரை யாரும் பிடிக்கக் கூடாது. அப்படியே பெருவெற்றி பெற்றுத் திரும்பினார்.

அடுத்து அண்ணன் பாடிப் போனான். எதிரணி மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, அவன் கைக்குத் தோளைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். “பாவம்டா, பாத்து விட்டுக்கொடுங்க” என்று விளையாட்டு ஆசிரியர் அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தாராம். பந்தலில் ஒரே கைதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடுக்கோட்டுக்கு வந்த அண்ணன் அதைத் தாண்டவில்லை. பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

“அவரு பெரிய மனுசன், விட்டீங்க. என்னை ஏன்டா விடுறீங்க? புடிங்கடா!”

பாட்டு நின்றாலே அவுட். நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார், அவருக்கும் கருணை.

எதிரணியில் போலகம் என்ற ஊர்க்காரன் ஒருவன் மிச்சம் இருந்தான், அண்ணனைப் போன்றவன்தான். சொன்னாலும் புரியாது என்று அவனிடம் மட்டும் ஆசிரியர் விட்டுக்கொடுக்கச் சொல்லியிருக்கவில்லை. அவன் பாய்ந்து அண்ணனின் கணுக்காலைக் கட்டிப் பிடித்தான். இருவரும் மண்ணில் உருண்டார்கள். அண்ணனின் முழங்காலில் தோல் கிழிந்தது.

பந்தலே அலறியது. முதல்வர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். தொடங்கிய அன்றே கிளப் முடிந்தது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனோ, யாரும் சொல்லாமலே எழுந்துபோய், அவுட் ஆனவர்களோடு உட்கார்ந்துகொண்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“காலைக் காட்டுப்பா” என்றார் முதல்வர்.

அண்ணன் இரண்டு உள்ளங்கைகளாலும் முழங்காலை மூடிக்கொண்டான். விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது.

“ஒண்ணுமில்ல சார். நான் அவுட்டு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆட்டம் மறைக்குது.”

முதல்வர் அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தள்ளி நின்றார். கிளப்பை மூடுவது பற்றி அதன்பின் அவர் வாய் திறக்கவே இல்லை.