முத்திரை விழாத படம்

எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எறிய நான் விட்டதில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபது வருஷம் இருந்தவளுக்கு அந்தப் புத்தி வராமல் வேறு யாருக்கு வரும்? ஒரு தாள் குறைந்தால் போதும், அதிகாரிகள் வாசலோடே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடல் தாண்டி எங்கள் ஊர் அரிப்புக்குத் திரும்பி வந்து வீடு கட்டிய பிறகும் அதே பழக்கம்தான். அரசாங்கக் கந்தோரில் மூன்று பிரதி கேட்டால் ஐந்து எடுப்பேன். மிச்சம் தகர றங்குப் பெட்டிக்குள் போகும். ஒரு பெட்டி மூன்றாகியது. என்னிடம் இல்லாத கடதாசியே இல்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன்.

போன வருஷம் அப்பா கண்ணை மூடினார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க அவருடைய படம் ஒன்று வேண்டும். மூன்று பெட்டிகளையும் கவிழ்த்தேன். பழைய அட்டைகளிலும் படிவங்களிலும் ஒட்டிய சின்னப் படங்கள்தான் கிடைத்தன. எல்லாவற்றிலும் கன்னத்தின் மேல் முத்திரை. கடற்கரையில் நாலு பேரைக் கண்டால் சிரிக்க வைக்காமல் விடாத மனுஷன், ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை. அதிகாரிக்கு முன்னால் நிற்பதுபோல முழித்துக்கொண்டிருந்தார். "வேறை படம் இல்லையோ அக்கா?" என்று அச்சகக்காரர் கேட்டபோது வெட்கத்தில் செத்துப்போனேன். என் மேலேயே ஆத்திரம் வந்தது. அச்சகக்காரரே முத்திரையை ஒருமாதிரி அழித்து அட்டையை அடித்துத் தந்தார்.

பூசை முடிந்த கிழமையே பெட்டிகளை முற்றத்துக்கு இழுத்தேன். மூலப் பத்திரங்களை ஒரு பைலில் போட்டேன். அப்பாவின் படங்களை உரித்தெடுத்தேன். மற்றதெல்லாம் நெருப்புக்கு. நாளைக்கு யாரும் கேட்டால் என்ன செய்வாய் என்று அம்மா பதறிப்போய்ச் சுற்றிச் சுற்றி வந்தார். கேட்டால் இன்னொரு பிரதி எடுத்துக் கொடுப்பேன், கொப்பிக் கடை என்ன கடலுக்குள்ளா இருக்கிறது என்றேன். கடைசித் தாள் வரைக்கும் நிறுத்தவில்லை.

இனிச் சேர்ப்பதென்றால் எங்கள் முகங்களைத்தான் சேர்ப்பேன் என்று முடிவெடுத்தேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. அவருக்கும் முத்திரை குத்திய படங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்பாவுக்கு நடந்தது அவருக்கும் நடக்க நான் விடப்போவதில்லை.

அடுத்த நாள் காலை அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது படம் எடுக்கப் போனை நீட்டினேன். உடனே கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு காதும் தெரிய முடியை ஒதுக்கினார். முகம் மரக்கட்டையாகிவிட்டது.

"எந்தக் கந்தோருக்குப் பிள்ளை?"

"ஒரு கந்தோருக்கும் இல்லையம்மா. எனக்கு."

அவர் நம்பவில்லை. என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எத்தினை கொப்பி எடுக்கப் போறாய்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து அம்மாவும் சிரித்தார். அப்போதுதான் எடுத்தேன்.