ஒட்டகம் இல்லாத ஊரில் ரெபெக்காள்

எங்கள் வீட்டில் குடை வாங்குவதற்குக்கூட ஆண்டவரின் சித்தம் தெரிந்தாக வேண்டும். அப்பா ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். போதகர் வெளியூர் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிரசங்கமும் செய்வார். வேலையிடத்தில் சட்டென்று முடிவெடுக்கும் மனிதர், வீட்டு வாசலைத் தாண்டியதும் எதற்கெடுத்தாலும் அடையாளம் கேட்பார். நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கை விட்டு வேறு பக்கம் குடிபோகலாமா என்று ஒருமுறை கேட்டார். எதிர்வீட்டுச் சேவல் கூவுவதற்கு முன் மழை பெய்தால் போகலாம் என்பது ஆண்டவரோடு அவர் செய்துகொண்ட ஏற்பாடு. மழையும் சேவலும் ஒன்றாக வந்து தொலைத்தன. அதனால் நாங்கள் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

இதில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கு மனத்துக்குள் ஜெபிக்க வராது. அவர் ஆண்டவரிடம் என்ன கேட்டிருக்கிறார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமல்ல, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்களுக்கும் தெரியும்.

இந்த அடையாளங்களால் அதிகம் அடிபட்டவர் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பியான அவர் எங்களோடுதான் இருந்தார், மின்சார இலாகாவில் வேலை. அவருக்கு வந்த இரண்டு வரன்கள் அடையாளம் சரியில்லை என்று தட்டிப்போயின. அப்போதெல்லாம் அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மூன்றாவது வரனுக்குத்தான் சித்தப்பா சோற்றில் கைவைத்தபடி யோசிக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் எங்கள் சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவர். அவர் பாட எழுந்தால் சித்தப்பா ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பார். நானே இரண்டு மூன்று முறை திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

பெண்ணின் அப்பா ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அது வந்த பிறகு இங்கே நம் பாடு என்னாகுமோ என்று பயந்து, டிரஸ்ஸர் ஐயா குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கே திரும்ப முடிவு செய்திருந்தார். கப்பலுக்கும் சொல்லியாகிவிட்டது. மகளுக்கு இங்கே வரன் அமைந்தால் அவரை மட்டும் விட்டுப்போகச் சம்மதம். இல்லையென்றால் மகளும் கப்பலேறிவிடுவார். சித்தப்பாவுக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்பது இப்போது விளங்கும்.

அப்பா வழக்கம்போல ஜெபத்தில் உட்கார்ந்தார். இம்முறை அவருக்கு ஆபிரகாமின் ஊழியக்காரன் நினைவுக்கு வந்தான். எஜமானின் மகனுக்குப் பெண் தேடிப் போனவன், தனக்கு மட்டுமல்லாமல் கேளாமலே தன் ஒட்டகங்களுக்கும் எந்தப் பெண் தண்ணீர் வார்க்கிறாளோ அவளே மணப்பெண் என்று அடையாளம் கேட்டான். ரெபெக்காள் வந்து அப்படியே செய்தாள். அப்பாவிடம் ஒட்டகம் இல்லை. அதனால் அதை ஊருக்குத் தகுந்தபடி, மிதித்து ஓட்டும் பேச்சா ரிக்‌ஷாவுக்கு மாற்றிக்கொண்டார். "ஆண்டவரே, நாங்க போற பேச்சா வண்டிக்காரருக்கும் அந்தப் பிள்ளை கேக்காமலே குடிக்கக் குடுத்தா, அதுதான் உம்முடைய சித்தம்னு எடுத்துக்குவேன்." அடுத்த அறையில் சித்தப்பா ஆமென் சொன்னது எனக்குக் கேட்டது.

பெண் பார்க்கப் போகும் நாள் குறிப்பதற்குள் சில வாரங்கள் ஓடிவிட்டன. பெண் வீடு, புக்கிட் காதில் என்ற ஊருக்குப் போகும் சாலையில் இருந்தது. எங்கள் சந்தில் மூன்று சக்கர பேச்சா ஓட்டும் மலாய்க்காரர் ஒருவர் உண்டு, மாமா என்ற அர்த்தத்தில் பாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் வண்டியில் அப்பாவும் அம்மாவும் உட்கார, நான் அம்மாவின் மடியில். நல்ல வெயில். பாக்சிக் முதுகுச் சட்டை ஒட்டிக்கொள்ள மிதித்தார். அப்பா வழிநெடுக ரெபெக்காளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

டிரஸ்ஸர் ஐயா வீட்டில் எங்களை வரவேற்று உட்காரவைத்தார்கள். பாதிச் சாமான்கள் ஏற்கெனவே பெட்டிகளுக்குள் போயிருந்தன. பெண் ஐஸ் போட்ட ரோஜா சிரப் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தார். தட்டில் ஒரு தம்ளர் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் வாசல் பக்கம் நடந்தார். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். வாசலில் மரத்தடியில் பாக்சிக் சொங்கோக் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். பெண் படி இறங்கினார், அவரைப் பார்த்தார், நின்றார். பிறகு தம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே திரும்பிவிட்டார்.

அப்பா என் கையை விட்டார். அதன்பின் டிரஸ்ஸர் ஐயா கப்பலைப் பற்றியும் மெர்டேக்காவைப் பற்றியும் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். அம்மாதான் பேசிச் சமாளித்தார். எனக்கு அழுகை முட்டியது. அந்த அக்காவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கிளம்பும்போது அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, வண்டிக்காரருக்கு ஒண்ணும் குடுக்கலியா?" என்று கேட்டேவிட்டார்.

பெண் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டார். "அவங்க புவாசா இருக்காங்க ஐயா. நோன்பு மாசம்னு ஞாபகமில்லாம தண்ணிய எடுத்துட்டுப் போயிட்டேன். அவங்க பாத்திருந்தா கஷ்டமா இருந்திருக்கும்ல?" என்றவர், தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்ப் பாக்சிக்கிடம் கொடுத்தார். வீட்டுத் தோட்டத்து வாழைப்பழம். தங்கள் வீட்டுச் சமையலை அவர் சாப்பிடுவாரோ மாட்டாரோ என்று பழமாகக் கொடுத்தாராம், சாயங்காலம் நோன்பு திறக்க. பாக்சிக் அதை நெஞ்சோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்.

அப்பா வண்டியில் ஏறவில்லை. "நீங்க ஏறுங்க, நான் நடந்து வர்றேன்," என்றார். பாக்சிக் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தவர், சாலை மேடேறும் இடத்தில் இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளவும் தொடங்கிவிட்டார். எதிரே வந்த சபைக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

"அப்பா ஏம்மா நடக்குறாரு?" என்று கேட்டேன்.

"உங்கப்பாவுக்குப் பதில் கெடச்சிருச்சு," என்றார் அம்மா. பிறகு பின்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ஏங்க, ஒட்டகம் நோன்பு இருந்தா ரெபெக்காள் பாவம் என்னதான் செய்வா?"

எட்டிப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன். அம்மாவுக்கு இதில் என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது.

வீட்டு வாசலில் சித்தப்பா காத்திருந்தார். வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன். "ஆண்டவர் வேண்டான்னுட்டாரு சித்தப்பா. தண்ணி குடுக்கல," என்று அழுதேன். சித்தப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

அப்பா மூச்சு வாங்க வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "தம்பி, நாளைக்கே போய்ப் பேசி முடிச்சிடுறேன். டிக்கெட்டுல ஒண்ணக் கொறைச்சிரச் சொல்லணும்."

"அண்ணே... அடையாளம்?"

"அந்த மனுசன் வண்டியில உக்காந்துகிட்டு அவ்வளவு தூரம் போனேன். பச்சத் தண்ணி குடிக்காம மிதிக்கிறாருன்னு எனக்குத் தோணவே இல்ல. அந்தப் பிள்ளைக்கு ஒரு பார்வையில தோணிருச்சு. இதுக்கு மேல ஆண்டவர்கிட்ட என்னத்தக் கேக்க?"

சித்தப்பா அப்பாவைக் கட்டிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாக்சிக்கும் விஷயம் கேட்டுச் சிரித்தார்.

எனக்கு மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. கேட்ட அடையாளம் வரவில்லை, இது உலகறிந்த விஷயம். ஆண்டவர் இல்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் அப்பா ஆம் என்று எடுத்துக்கொண்டால், அதற்குப் பெயர் கீழ்ப்படியாமை என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மீனுக்குள் போன யோனாவின் கதி அப்பாவுக்கும் வந்துவிடுமோ என்று பயந்தேன். அந்த அக்கா எனக்குச் சித்தியாக வரப்போகிறார் என்ற சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கிக்கொண்டிருக்க, அன்றிரவு குடும்ப ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியதும், நான் யாருக்கும் கேட்காமல் எனக்குத் தெரிந்த வரையில் பரிந்து பேசினேன். ஆண்டவரே, எங்கப்பா நல்லவர். நீர் சொன்னதை இன்றைக்கு மட்டும் சரியாகக் கவனிக்கவில்லை. அவரை மன்னித்துவிடும்.