பிட்சுவின் அறையில் ஒரு துண்டு

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள இடம் குளியலறை ஒன்றுதான். அதற்குள் போனாலும் யாராவது கதவைத் தட்டி, மோட்டார் போடட்டுமா என்று கேட்பார்கள். இரண்டு அறை, ஒரு கூடம், ஏழு பேர். வந்து போகும் உறவினர்கள் தனிக் கணக்கு. தேனாம்பேட்டை ஆபீஸிலிருந்து பஸ்ஸில் நசுங்கித் திரும்பும்போதெல்லாம், ஒரு பத்து நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று புலம்பிக்கொண்டு வருவேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் ஒருவர் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வடக்கே யாத்திரை நடத்தினார். ஜோதிர்லிங்க தரிசனம், வேளாவேளைக்கு ரசம், மோர். நான், என் கணவர், மாமியார், அக்கம்பக்கத்து மாமா மாமிகள் எல்லோரும் கிளம்பினோம். அவுரங்காபாத் பக்கம் ஒரு கோயிலில் தரிசனம் முடிந்ததும், அருகிலேயே புத்த மடம் ஒன்று இருக்கிறது, ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் செங்குத்தான மலையைக் குடைந்து கட்டியது, கொசுறாகப் பார்த்துவிடலாம் என்றார் யாத்திரைக்காரர். ஒவ்வொரு பிட்சுவுக்கும் தனித்தனி அறை என்று அவர் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆளுக்கு ஓர் அறை! அதில் ஒன்றில் கொஞ்ச நேரம் தனியாக இருக்காமல் திரும்புவதில்லை என்று தீர்மானித்தேன்.

உள்ளே நுழைந்தோம். நடுவில் தூண்களோடு பெரிய கூடம், சுற்றிலும் வரிசையாகச் சின்ன அறைகள், அறைக்குள் படுக்கக் கல் மேடை.

"கல்யாண மண்டபம் மாதிரின்னா இருக்கு!" என்றார் எதிர்வீட்டு மாமா. "அட்டாச்டு பாத்ரூம்தான் இல்லை."

அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில் கால் வைத்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் ரூம் பிடிப்பது. ஆசையை ஒழிக்கப் பிட்சுகள் தவம் கிடந்த அறைகளில் கண்மூடித் திறப்பதற்குள் துண்டு விழுந்தது. ஒன்றில் தண்ணீர்க் கூஜா, இன்னொன்றில் மங்கி குல்லா. காற்று வரும் அறைக்காக இரண்டு மாமிகள் சண்டை போட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "நாங்க அப்பவே பை வெச்சாச்சு" என்றாள் ஜெயித்தவள். அரை மணியில் பஸ் கிளம்பப்போகிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. என் கணவரும் ஓர் அறையைப் பிடித்துவிட்டு, "சீக்கிரம் வா, நமக்கும் கிடைச்சுடுத்து" என்று கைதட்டிக் கூப்பிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் அதே கூடம், அதே கூச்சல்.

யாரும் பார்க்காதபோது கடைசி மூலைக்கு நழுவினேன். அங்கே இருந்த அறையில் வெளிச்சமே இல்லை, அதனால் துண்டும் இல்லை. கல் மேடையில் படுத்தேன். முதுகு சில்லென்றது. வெளியே போட்ட சத்தம் வேறு யார் வீட்டுச் சத்தமோ போல இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாசலில் நிழல் விழுந்தது. மாமியார்.

"இங்கயா இருக்கே?"

சரி, முடிந்தது என்று எழுந்திருக்கப் போனேன். மாத்திரையோ மூக்குக்கண்ணாடியோ, எதையாவது தேடித்தரச் சொல்வார். அவர் என் முகத்தைப் பார்த்தார், கல் மேடையைப் பார்த்தார். பிறகு திரும்பி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

என் கணவர் வந்தார். "அம்மா, அவளைப் பாத்தியா?"

"இங்க ஒருத்தரும் இல்லைடா. வௌவால்தான் இருக்கு. பஸ்ஸண்ட போய்ப் பாரு."

பிள்ளை போகும்வரை அவர் அசையவில்லை. நான் ஆசை தீரப் படுத்திருந்துவிட்டு வெளியே வந்தேன். அவர் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி சொல்லும் பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது.

மாமியார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

"இப்போ நீ வாசல்ல நில்லு" என்றார், இருட்டிலிருந்து. "யார் கேட்டாலும் நான் இல்லைன்னு சொல்லு. பதினாலு வயசுல இந்தாத்துக்கு வந்தேன். அன்னியிலேர்ந்து எல்லாரும் கூப்பிட்டுண்டே இருக்கா."

பஸ்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவராக மாமியாரைத் தேடி வந்தார்கள். வௌவால்தான் இருக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நான் வாசலை அடைத்து நின்றேன்.